நிறுத்துப் பார்த்து நிறுத்திக்கொள்ளும் குட்டி

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடும் முன், எங்கள் கொட்டகையில் இரண்டு ஆட்டுக் கிடாக்குட்டிகளை எடை போட்டோம். மாட்டுப்பொங்கலன்று பிறந்த கருப்பன் 8.6 கிலோ. அதற்குச் சரியாக மூன்று வாரம் கழித்துப் பிறந்த செவலை 7.2 கிலோ. இரண்டில் ஒன்றைப் பொலிகிடாவாக, அதாவது இனப்பெருக்கத்துக்கு விடும் கிடாவாக, வளர்த்துப் பக்கத்து ஊர் உறவுக்காரரின் கிடாவோடு மாற்றிக்கொள்வது வழக்கம். சொந்த மந்தையிலேயே விட்டால் தாயோடும் தங்கையோடும் சேர்ந்துவிடும், வம்சம் கெடும். மற்றதை ஆடியில் விற்றுவிடுவோம்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு, கருப்பனை வச்சுக்க" என்றார் அத்தை. கொட்டகையில் பார்த்த எல்லோரும் அதையே சொன்னார்கள். தராசில் 1.4 கிலோ வித்தியாசம் தெரிகிறது. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

எங்கள் டெல்டாவில் இதைப் புரியவைக்க நெல்லைச் சொன்னால் போதும். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் தராசில் ஏற்றும் முன் ஈரப்பதம் பார்க்கிறார்கள். வழக்கமான வரம்பு 17 சதவீதம். மழை பிடித்துக்கொண்ட வருஷங்களில் அந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி மனுக் கொடுக்கிறோம். ஈரத்தைச் சொல்லாமல் நெல்லின் எடையைச் சொன்னால் அதற்கு அர்த்தமில்லை என்பது இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். குட்டியின் எடைக்கு வயது அப்படித்தான். மூன்று வாரம் மூத்த குட்டியையும் இளைய குட்டியையும் ஒரே நாளில் தராசில் போட்டுப் பார்ப்பது, காய்ந்த நெல்லையும் ஈர நெல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறுப்பதற்குச் சமம்.

எந்தக் குட்டியை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வதற்கு முன்னால் வேறு சில முடிவுகள் இருக்கின்றன: எதைக் கொண்டு எடை போடுவது, எந்த நாளில் போடுவது, எந்த வயது எடையை நம்புவது, எதோடு எதை ஒப்பிடுவது. முதல் கேள்விக்குத்தான் எல்லோரும் நேரம் செலவழிக்கிறார்கள். என் அனுபவத்தில் கடைசிக் கேள்விதான் மந்தையின் தலையெழுத்தை எழுதுகிறது.

கண்ணா, டேப்பா, தராசா

யாவாரியின் கைநிதானத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இடுப்பைப் பிடித்து, முதுகுத்தண்டில் விரலை ஓட்டி, லேசாகத் தூக்கிப் பார்த்து இத்தனை கிலோ கறி என்று சொல்வார். பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும். ஆனால் அது அன்றைய வியாபாரத்துக்கான கணக்கு. போன வருஷம் இதே வயதில் இதன் அக்கா எவ்வளவு இருந்தாள் என்ற கேள்விக்கு அந்தக் கையில் பதில் கிடையாது. வயதுக்குப் பல்லைப் பார்ப்பார்கள். முதல் ஜோடி நிலைப்பல் முளைப்பதே ஒரு வயதைத் தாண்டித்தான். மூன்று மாதக் குட்டிக்கும் ஆறு மாதக் குட்டிக்கும் வாயில் இருப்பது பால் பல்தான். பிறந்த தேதியை எழுதி வைக்காவிட்டால் பின்னால் எந்த வழியிலும் மீட்க முடியாது.

இரண்டாவது, தையல்காரர் டேப்பு. முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்புற இடுப்பெலும்பின் முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வரும். சுற்றளவு 24 அங்குலம், நீளம் 22 அங்குலம் என்றால் ஏறக்குறைய 19 கிலோ. வளர்ந்த ஆட்டுக்கும் கன்றுக்குட்டிக்கும் இது நல்ல துணை. சிறு குட்டிக்கு நம்பமுடியாது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது: சுற்றளவு இரண்டு முறை பெருக்கப்படுவதால் பிழையும் இரண்டு மடங்காகிறது. 18 அங்குலச் சுற்றளவுள்ள குட்டியில், டேப்பு கொஞ்சம் தளர்ந்து ஒரு அங்குலம் கூடிவிட்டால் எடை 11 சதவீதம் கூடிவிடும். எட்டுக் கிலோக் குட்டியில் அது கிட்டத்தட்ட 900 கிராம். நாம் தேடுகிற வித்தியாசமே அவ்வளவுதான் இருக்கும்.

மூன்றாவது, கொக்கியில் தொங்கவிடும் டிஜிட்டல் தராசு. மீன் விற்பவர்களும் பழைய இரும்பு எடுப்பவர்களும் வைத்திருப்பது. 50 கிலோ வரை காட்டும். நாங்கள் பயன்படுத்துவது இதைத்தான். பழைய சாக்கில் நாலு கால்களுக்கு நாலு ஓட்டை போட்டு, இரண்டு பக்கமும் கயிறு கோத்துத் தொட்டில் மாதிரி செய்துகொண்டோம். குட்டியைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் கஷ்டம், துள்ளுகிற துள்ளலில் தராசின் எண்ணும் நிற்காது. சாக்குத் தொட்டிலில் கால் தரையில் படாமல் தொங்கினால் பத்து நொடியில் அடங்கிவிடும். சாக்கின் எடையைக் கழிக்க மறக்கக் கூடாது. மழைக்காலத்தில் நனைந்த சாக்கு கனக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் முதலில் வெறும் சாக்கை மாட்டிப் பூஜ்யமாக்கிக்கொள்கிறோம்.

தரையில் வைக்கும் மேடைத் தராசு அறுபது, எழுபது உருப்படி வைத்திருப்பவர்களுக்கும் பெரிய கிடாக்களுக்கும் நல்லது. இருபது ஆட்டுக்காரருக்கு அவசியமில்லை.

எந்தத் தராசானாலும் ஒரு விஷயம்: காலையில், மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் முன்னால். அசைபோடும் பிராணியின் வயிறு பெரிய பத்தாயம். சாயங்காலம் வரப்பெல்லாம் மேய்ந்துவிட்டு வரும் பன்னிரண்டு கிலோக் குட்டி, காலையில் இருந்ததைவிட அரைக் கிலோவுக்கு மேல் கூடுதலாகக் காட்டுவதை நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு குட்டியைக் காலையிலும் இன்னொன்றை மாலையிலும் எடை போட்டு ஒப்பிட்டால், ஒப்பிடுவது குட்டிகளையல்ல, அருகம்புல்லைத்தான்.

சரியாக அந்த நாளிலா, குறித்த ஞாயிறிலா

குட்டிகளுக்கு வழக்கமாகக் கணக்கில் கொள்ளும் வயதுகள் பிறப்பு, 3 மாதம், 6 மாதம், 9 மாதம், 12 மாதம். பிறப்பெடையை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். மற்றவற்றுக்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, ஒவ்வொரு குட்டிக்கும் அதன் 90ஆம் நாளை, 180ஆம் நாளைத் தினசரிக் காலண்டரில் குறித்து வைத்து, சரியாக அன்றைக்கே எடை போடுவது. கணக்கே வேண்டாம். மூன்று, நாலு ஆடு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தில் அத்தைக்குக் கிடைத்த நாலு ஆடுகள்தான் இந்த மந்தையின் வேர். அப்போது காலண்டர் போதுமாக இருந்தது. இருபதைத் தாண்டியதும் முடியவில்லை. குட்டிகள் மாதம் முழுக்கச் சிதறிப் பிறக்கின்றன. 90ஆம் நாள் வரும்போது நடவு இருக்கும், நூறு நாள் வேலை இருக்கும், ஊரில் ஒரு சாவு இருக்கும், இல்லையென்றால் ஐப்பசி மழை விடாமல் அடிக்கும். அந்த வருஷங்களின் நோட்டைத் திறந்தால் பாதிக் கட்டங்கள் காலி.

இன்னொன்று, பதினாலு நாளைக்கு ஒரு ஞாயிறு என்று வைத்துக்கொண்டு, கொட்டகையில் உள்ள எல்லாக் குட்டிகளையும் ஒரே மூச்சில் எடை போட்டுவிட்டு, பிறகு வயதுக்குச் சரிசெய்துகொள்வது. ஒருவர் பிடிக்க, ஒருவர் எழுத, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். நாங்கள் இப்போது இதில்தான் இருக்கிறோம்.

சரிசெய்யும் கணக்கு பள்ளிக்கூடக் கணக்குத்தான். இன்றைய எடையிலிருந்து பிறப்பெடையைக் கழித்து, வயது நாட்களால் வகுத்தால் ஒரு நாளைய வளர்ச்சி. அதை 90ஆல் பெருக்கிப் பிறப்பெடையைக் கூட்டினால் 90ஆம் நாள் எடை. கருப்பன் பிறக்கும்போது 1.8 கிலோ. 97ஆம் நாளில் 8.6. கூடியது 6.8 கிலோ, நாளுக்கு 70 கிராம். 90ஆம் நாளுக்கு 8.1. செவலை பிறக்கும்போது 1.6. 76ஆம் நாளில் 7.2. கூடியது 5.6, நாளுக்கு ஏறக்குறைய 74 கிராம். 90ஆம் நாளுக்கு 8.2. தராசில் 1.4 கிலோ பின்னால் நின்ற குட்டி, வயதைச் சமமாக்கியதும் தோளோடு தோள் நிற்கிறது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பலவீனம் இருக்கிறது. பிறந்த நாளிலிருந்து ஒரே சீராகக் குட்டி வளர்கிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அப்படி வளர்வதில்லை. தாய்ப்பால் குறையும்போது ஒரு தொய்வு வரும், தழையைப் பிடித்துக்கொண்டதும் மறுபடி நிமிரும். அதனால் 90ஆம் நாளுக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு எடைகளுக்கு நடுவே கணக்கிடுவது இன்னும் துல்லியம். பதினாலு நாளைக்கு ஒரு முறை எடை போடுவதன் பெரிய லாபமே இதுதான். கருப்பன் 83ஆம் நாளில் 7.7 இருந்தான், 97இல் 8.6, நடுவில் 90ஆம் நாளுக்கு 8.15. செவலைக்கு அடுத்த எடை ஞாயிறே, பதினாலு நாள் கழித்து, சரியாக 90ஆம் நாளாக அமைந்தது. தராசு காட்டியது 8.1. கணக்குச் சொன்ன 8.2க்கும் அதற்கும் 100 கிராம்தான் வித்தியாசம். எடை போட்ட நாள் 90ஐ விட்டு வெகுதூரம் தள்ளியிருந்தால் இந்த நெருக்கம் இருக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிப்போன எடையை நான் 90ஆம் நாளுக்குச் சரிசெய்வதில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுவேன். ஊகத்தை எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து அது உண்மை மாதிரி கண்ணில் படும்.

விற்கும் நாளில் மட்டும் எடை போடுவது என்று மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பெரும்பாலான வீடுகளில் நடப்பது அதுதான். கையில் பணம் எவ்வளவு என்று தெரியும். எந்தத் தாயை வைத்துக்கொள்வது என்று தெரியாது.

தொண்ணூறு தாயைச் சொல்லும், நூற்றெண்பது குட்டியைச் சொல்லும்

இந்த இரண்டு வயதையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் பார்க்கக் கூடாது. 90ஆம் நாள் எடையில் பெரும்பங்கு தாயின் மடியுடையது. நல்ல பாலுள்ள ஆட்டின் சுமாரான குட்டியும் அந்த வயதில் கொழுகொழுவென்று இருக்கும். பால் மறந்த பிறகு, தன் வாயாலும் வயிற்றாலும் வளரும்போதுதான் குட்டியின் சொந்தச் சரக்கு வெளிப்படும். அது தெரிவது 180ஆம் நாளில்.

அதனால் எந்தப் பெட்டையை மந்தையில் வைத்துக்கொள்வது, எந்தத் தாயைக் கழிப்பது என்ற முடிவுக்கு நான் 90ஆம் நாளைப் பார்க்கிறேன். எந்தக் கிடாவைப் பொலிகிடாவாக்குவது என்பதற்கு 180ஆம் நாள் வரை பொறுக்கிறேன். 365ஆம் நாள் எடை அரசுப் பண்ணைகளுக்கும் ஆராய்ச்சிக்கும் முக்கியம். நம் வீடுகளில் அதற்குள் பாதிக் குட்டிகள் கைமாறிவிடும் என்பதால், மீதமிருப்பவற்றை மட்டும் வைத்து ஒப்பிடுவது நம்மை ஏமாற்றும்.

எதோடு எதை

இங்கேதான் நான் ஒரு ஆட்டை இழந்தேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் கொட்டகையின் கூரை போனது. அதற்கு ஒரு மாதம் முன்பு சுட்டி என்ற ஆடு குட்டி போட்டிருந்தாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, அமைதியான குணம். பல நாள் ஈரத்தில் நின்றாள். பூவரசும் கிளுவையும் வேரோடு சாய்ந்து கிடந்தன. முதல் வாரம் தழைக்குப் பஞ்சமில்லை, அதன்பின் ஒடிக்க மரமே இல்லை. அவள் குட்டி 90ஆம் நாளில் 4.9 கிலோ. அடுத்து மாசியில் பிறந்த மற்ற ஆடுகளின் குட்டிகள் அதே வயதில் 7 கிலோவைத் தொட்டன. நோட்டில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து, சுட்டிக்குப் பால் போதவில்லை என்று நான்தான் முடிவு செய்தேன். விற்றோம். அவள் முன்பு ஈன்ற இரண்டு மகள்கள் மந்தையில் மிஞ்சியிருந்தார்கள். அடுத்த மூன்று வருஷத்தில் எங்கள் நோட்டில் மிக நல்ல 90ஆம் நாள் எடைகள் அந்த இருவரின் குட்டிகளுடையவை. குறை தாயிடம் இல்லை, காலத்தில் இருந்தது. அவளை இன்றும் நினைக்கிறேன்.

புயல் வேண்டாம், சாதாரண வருஷத்திலேயே டெல்டாவில் பருவத்துக்குப் பருவம் தீனி வேறு. சம்பா நட்டபின் ஆட்டை அவிழ்த்துவிட முடியாது. வாய்க்கால் கரையும் வரப்பும் ஒடித்துப் போடும் தழையும்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஈரமும் குடற்புழுவும் குளம்பழுகலும். அறுவடை முடிந்தாலும் அரிதாளில் உளுந்தும் பயறும் முளைத்திருக்கும். அது பறித்து முடிந்த பிறகுதான் வயல் முழுக்க ஆட்டுக்குத் திறக்கும். புரட்டாசியில் பிறந்த குட்டியின் 90ஆம் நாள் மார்கழிச் சேற்றில் வருகிறது. தையில் பிறந்ததன் 90ஆம் நாள் திறந்த வயலில் வருகிறது. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து வரிசைப்படுத்துவது நியாயமில்லை.

நாங்கள் இப்போது செய்வது: ஏறக்குறைய ஒன்றரை மாத இடைவெளிக்குள் பிறந்த குட்டிகளை ஒரு கூட்டமாக எடுத்து, அந்தக் கூட்டத்தின் சராசரியைப் போட்டு, ஒவ்வொரு குட்டியும் சராசரிக்கு எத்தனை கிராம் மேலே, கீழே என்று மட்டும் எழுதுகிறோம். கிடாவைக் கிடாவோடு, பெட்டையைப் பெட்டையோடு. கிடாக்குட்டி இயல்பாகவே கனம். பல வருஷங்களை ஒப்பிடும்போது எடையை விட்டுவிட்டு இந்த மேல்-கீழ் எண்ணைத்தான் பார்க்கிறோம். சுட்டியின் குட்டியை அந்த ஐப்பசிக் கூட்டத்தோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால், அவள் சராசரிக்கு மேலேதான் நின்றிருப்பாள். அந்தப் பருவத்து மற்றக் குட்டிகள் அதற்கும் கீழே இருந்தன. கூட்டத்தில் மூன்று, நாலு குட்டிதான் என்றால் ஒரு ஈற்றை வைத்து எந்தத் தாயையும் தீர்மானிக்கக் கூடாது. இரண்டு, மூன்று ஈற்று பார்க்க வேண்டும்.

பிறகு இரட்டைக்குட்டி. கருப்பன் ஒற்றைக்குட்டி, தாயின் இரண்டு காம்பும் அவனுக்கே. செவலைக்கு ஒரு தங்கை உண்டு. பாலைப் பங்குபோட்டுக் குடித்தும் 90ஆம் நாளில் அவன் 8.1, தங்கை 7.3. அந்தத் தாய் வளர்த்துத் தந்தது மொத்தம் 15.4 கிலோ. கருப்பனின் தாய் 8.15. எடை அதிகமான குட்டியையே தேர்ந்தெடுத்துக்கொண்டு போனால், நமக்கே தெரியாமல் ஒற்றைக்குட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு போவோம். பத்து வருஷத்தில் இரட்டை ஈனும் வம்சமே மந்தையில் அருகிவிடும். அதனால் தாயைப் பற்றிய முடிவுக்கு அவள் குட்டிகளின் மொத்த 90ஆம் நாள் எடை. தலையீத்து ஆட்டுக்கு, அதாவது முதல் ஈற்று ஆட்டுக்கு, அதிலும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். பால் இன்னும் முழுமைப்படாத வயது.

கன்றுக்குட்டிகளுக்கு இவ்வளவு தேவையில்லை. ஒரு வீட்டில் ஒன்றிரண்டு கன்றுதான், யாரோடு ஒப்பிடுவது? அதற்கு டேப்பு போதும்; மாதம் ஒரு முறை. கிடேரிக்கு முதல் சினை ஊசியை வயது பார்த்துப் போடாமல், வளர்ந்த பசுவின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தொட்டதா என்று பார்த்துப் போட இந்தக் குறிப்பு உதவும். உம்பளாச்சேரி இன மாட்டுக் கன்று வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன வசதி உண்டு: பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும் கன்று ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். தேதியை எழுத மறந்தவர்களுக்கு அது தோராயமான அடையாளம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் கொருக்கை அரசுக் கால்நடைப் பண்ணையில் பல வயதுக் கன்றுகளைச் சேர்ந்தாற்போல் பார்த்தால் இந்த மாற்றம் கண்ணில் படும்.

எழுதி வைப்பது

செல்போனில் எழுதலாம், நோட்டில் எழுதலாம். கொட்டகையில் கை ஈரமாகவும் புழுக்கையாகவும் இருக்கும். எங்களுக்கு நோட்டுதான் சரிப்பட்டது. ஆட்டுக்கு ஒரு பக்கம் என்று வைத்தால் அவள் வரலாறு ஒரே பார்வையில் தெரியும். குட்டிக்குக் காதில் எண் வில்லை கட்டாயம். இரண்டு கருப்புக் குட்டிகளில் எது எது என்று எடை போடும் நேரத்தில் தகராறு வந்தால் அந்த ஞாயிறே வீண். பூச்சி மருந்தை எந்த நாளில், என்ன எடைக்கு, எவ்வளவு கொடுத்தோம் என்பதையும் அதே வரியில் எழுதுகிறோம். கண்மதிப்பில் குறைவாக ஊற்றினால் புழு சாகாது, மருந்துக்குப் பழகியும்விடும்.

கருப்பனும் செவலையும் இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறார்கள். 90ஆம் நாள் கணக்கில் இருவரும் சமம்; இரட்டையில் ஒருவன் என்பதால் என் மனம் செவலை பக்கம். அத்தையிடம் நோட்டைக் காட்டி விரலால் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். பேசாமல் கேட்டுவிட்டு, "சுட்டி வழியில வந்தவளோட புள்ளைதானே இது" என்று செவலையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். கருப்பனின் 180ஆம் நாள் ஆனி முடியும்போது வருகிறது, செவலையுடையது ஆடிப்பெருக்கை ஒட்டி. யாவாரி இப்போதே கருப்பனுக்கு முன்பணம் தருகிறேன் என்கிறார். ஆடிப்பதினெட்டு கழிந்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறோம்.